பின்னலாடையில் சித்திர அச்சு: எந்த முறை எதற்குப் பொருந்தும்?

கோகுலாஷ்டமி நெருங்கும் நாட்களில் மும்பை நகரின் குர்லாப் பகுதியிலுள்ள சிறு அச்சுப் பட்டறைகளில் இரவிலும் விளக்கு அணைவதில்லை. உறியடி விழாவில் ஒருவர் தோள்மீது ஒருவராக ஏறி நின்று, உயரத்தில் கட்டிய தயிர்ப் பானையை உடைக்கும் 'கோவிந்தா' குழுக்கள், தத்தம் பெயரும் சின்னமும் பொறித்த டீ-ஷர்ட்டுகளை அணிந்து ஊர்வலம் வருவது இந்நகரில் வழக்கமாகிவிட்டது. அதைத் தொடர்ந்து கணேச சதுர்த்தி வருகிறது. பள்ளி விளையாட்டு விழாக்களும், பேட்டைக் கிரிக்கெட் குழுக்களும், கம்பெனி ஆண்டு விழாக்களும் வருடம் முழுவதும் வேலை தருகின்றன. ஆர்டர் கொண்டுவருவோர் பெரும்பாலும் கேட்கும் முதற் கேள்வி, "சட்டை ஒன்றுக்கு என்ன ஆகும்?" என்பதே. அனுபவமுள்ள பட்டறைக்காரர் அதற்கு விடை சொல்லுமுன், "துணி என்ன துணி? எத்தனை சட்டை? எங்கே உடுத்தப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். இம்மூன்று கேள்விகளின் பின்னேயும் நல்ல விஞ்ஞானக் காரணங்கள் இருக்கின்றன.

அச்சு முறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் விளையும் நஷ்டம் சிறிதன்று. அச்சிட்ட சட்டையை மறுபடி வெறும் துணியாக்க இயலாது. முதற் சலவையிலேயே சித்திரம் வெடித்து உரியுமாயின், 200 சட்டைகளும் ஒரே நாளில் திரும்பி வந்து சேரும். நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு, துணியின் விலையோடு மாத வருமானமும் போய்விடும். விழாவோ வேறொரு நாளைக்குத் தள்ளி வைக்கப்படுவதில்லை.

குர்லாவுக்குத் துணித்தொழில் புதியதன்று. 1886-ஆம் ஆண்டில் ஜம்சேட்ஜி டாடா இங்கே ஒரு பழைய ஆலையை விலைக்கு வாங்கி, சுதேசி மில் என்ற பெயரில் நடத்தலானார். 1982-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் பம்பாயின் பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாக நசித்தன. சுதேசி மில்லும் 2000-ஆம் ஆண்டில் கதவடைத்தது. பெரிய ஆலைகளில் சாயப் பிரிவும் அச்சுப் பிரிவும் தேர்ந்த இரசாயன நிபுணர்களின் மேற்பார்வையில் இயங்கின. அங்கே நடந்த காரியத்தில் ஒரு பகுதி இன்று பத்தடிக்குப் பதினைந்தடி அறைகளில், நிபுணர் எவருமின்றி நடைபெறுகிறது. அச்சிடப்படும் வெற்றுச் சட்டைகளில் பெரும்பகுதி திருப்பூரிலிருந்து வருகிறது. குர்லாவிலுள்ள லோகமான்ய திலகர் முனையத்திலிருந்து திருப்பூர் வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் ரெயிலைக் கொங்கு நாட்டார் 'குர்லா எக்ஸ்பிரஸ்' என்றே அழைப்பர். இவ்விரு ஊர்களின் தொடர்புக்கு இப்பெயரும் ஒரு சான்று.

இழையின் இயல்பு

டீ-ஷர்ட்டுத் துணி என்பது நம்மவர் 'பனியன் துணி' என்று கூறும் பின்னல் துணியே. நெய்த துணியில் ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்ல, இதில் நூல் வளையம் வளையமாகக் கோக்கப்படுகிறது. ஆகவே இத்துணி நீண்டு சுருங்கும் தன்மையுடையது. இதன்மீது இடப்படும் அச்சும் உடன் நீண்டு சுருங்கியாக வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சட்டைகளில் ஒன்று பருத்தியாகவும் மற்றொன்று பாலியெஸ்டராகவும் இருக்கலாம். இரசாயன நோக்கில் இவ்விரண்டும் எதிரெதிர்த் துருவங்கள்.

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளாலானது. அதன் மூலக்கூறு நெடுகிலும் ஹைட்ராக்ஸில் தொகுதிகள் இருப்பதால், அது நீரை ஆவலுடன் ஏற்கும். 65 சதவிகித ஈரப்பதமுள்ள காற்றில் உலர்ந்த பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவிகிதம் நீரை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. அதே காற்றில் பாலியெஸ்டர் ஏற்பதோ 0.4 சதவிகிதமே. 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தபோது, அவர்கள் பணியாற்றியது துணி அச்சிடுவோர் கூட்டு நிறுவனமொன்றின் ஆராய்ச்சிச் சாலையில். அச்சுத் தொழிலுக்கு இவ்வளவு தொல்லை தரும் இழை அச்சுத் தொழிலாளர் வீட்டிலேயே பிறந்தது விந்தைதான்.

நிறம் தரும் பொருள்களும் இரு வகைப்படும். சாயம் இழையின் உள்ளே புகுந்து அதனோடு ஒன்றிவிடுவது. நிறமி நுண்ணிய பொடியாக மேற்பரப்பிலேயே நின்று, ஒரு பிசினால் பிடித்து வைக்கப்படுவது. பருத்தியின் ஹைட்ராக்ஸிலுடன் நேரே இரசாயனப் பிணைப்புக் கொள்ளும் 'ரியாக்டிவ்' சாயங்கள் 1956-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. இவை சலவைக்கு அசையா. ஆனால் அச்சிட்ட பின் நீராவியில் வேகவைப்பதும், பலமுறை அலசுவதும் அவசியம். அலசிய நீரை என்செய்வது என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்வியின் கனத்தைத் திருப்பூர் நன்கறியும்: நொய்யலாறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அங்குள்ள சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீரை வெளியே விடாது சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டுடனேயே அவை பின்னர் இயங்கலாயின. இத்தகைய வசதிகள் குர்லாவின் சிறு பட்டறைக்கு எட்டாதவை. அங்கே சாயமேற்றிய சட்டையை வாங்கி, அதன்மேல் நிறமியால் அச்சிடுவதே இங்கு நடைமுறை.

சட்டையின் இழை இன்னதென்று தெரியாவிடில் எளிய சோதனை ஒன்றுண்டு. உள்தையலிலிருந்து ஒரு நூலைப் பிரித்து இடுக்கியால் பிடித்து எரித்தால், பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக இறுகும். கலப்பு நூலில் இரண்டு குறிகளும் தென்படும். கழுத்துச் சீட்டில் அச்சிட்டிருப்பதை நம்புவதைக் காட்டிலும் இந்த அரை நிமிடச் சோதனை மேலானது.

திரை அச்சு

துணி அச்சு முறைகளில் இன்றும் முதன்மை வகிப்பது 'ஸ்கிரீன் பிரிண்டிங்' எனப்படும் திரை அச்சே. 1907-ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டர் நகரத்துச் சாமுவேல் சைமன் என்பவர் பட்டுத் திரையைக் கொண்டு அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பட்டின் இடத்தைப் பாலியெஸ்டர் வலை பிடித்துக்கொண்டது. மரம் அல்லது அலுமினியச் சட்டத்தில் வலையை இறுக இழுத்துக் கட்டி, ஒளியால் இறுகும் பசையொன்றை அதன்மேல் பூசி, இருட்டில் உலர்த்துவர். சித்திரம் கறுப்பாக வரையப்பட்ட படச்சுருளை மேலே வைத்து ஒளி பாய்ச்சினால், ஒளி பட்ட இடமெல்லாம் பசை இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் இறுகாமையால் நீரில் கரைந்தோடி, வலைக்கண்கள் திறந்துகொள்ளும். பின்னர் ரப்பர் விளிம்புள்ள தள்ளுகோலால் மையை இழுக்க, திறந்த கண்களின் வழியாக மை துணியில் இறங்குகிறது. நிறம் ஒன்றுக்குத் திரை ஒன்று வேண்டும்.

வலையின் நெருக்கமே மையின் கனத்தை நிர்ணயிக்கிறது. சென்டிமீட்டருக்கு 43 இழையுள்ள வலை தடித்த எழுத்துக்கும், கருநிறத் துணிமேல் வெள்ளை பதிப்பதற்கும் ஏற்றது. நுண்ணிய புள்ளிகளால் புகைப்படம் பதிக்க 90 இழை அளவிலான வலை வேண்டும். பல பட்டறைகளில் ஒரே வலையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதால்தான் முகங்கள் திட்டுத் திட்டாகவும், எழுத்துக்கள் வெளிறியும் அமைகின்றன. குறை மையின்மீது சுமத்தப்படுகிறது!

மைகளில் இரண்டு வகை பெருவழக்கு. 'பிளாஸ்டிசால்' என்பது பி.வி.சி. பிளாஸ்டிக் துகளை ஓர் இளக்கித் திரவத்தில் கலந்தது. இதில் உலர்வதற்கு நீரோ கரைப்பானோ இல்லை; திரையில் எத்தனை நேரம் கிடந்தாலும் காயாது. ஏறத்தாழ 160 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் துகள்கள் இளக்கியை உறிஞ்சி ஒன்றாக உருகி, ரப்பர் போன்ற படலமாகின்றன. இங்கேதான் பெருந்தவறு நேர்கிறது. மேற்பரப்பைத் தொட்டால் ஒட்டாத நிலை இதற்கு வெகு முன்பே வந்துவிடும். அதைக் கண்டு வெந்துவிட்டதாக எண்ணிச் சட்டையை எடுத்து அடுக்கினால், அடிப்பகுதி வேகாமலே இருந்து சலவையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆறிய அச்சை இரு கைகளாலும் இழுத்துப் பார்க்கவேண்டும்; நன்கு வெந்த படலம் துணியோடு நீளும், வேகாதது விரிசல் விடும்.

மற்றொன்று நீர் கலந்த நிறமி மை. நிறமியும் அக்ரிலிக் பிசினும் நீரில் கலந்திருக்கும். நீர் ஆவியான பின், ஏறத்தாழ 150 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடங்கள் சூடேற்ற, பிசின் மூலக்கூறுகள் தம்முள் குறுக்கே பிணைந்து இழையைப் பற்றிக்கொள்ளும். பருத்தி நீரை விரும்புவதால் மை நூலுக்குள் ஊறி, கைக்கு மிருதுவாக இருக்கும். வேர்வையும் தடையின்றி வெளியேறும். வெளிர்நிறப் பருத்திச் சட்டைக்கு இதற்கு நிகரான முறை இல்லை எனலாம். கருநிறத் துணியில் மட்டும் இம்மை சோபிப்பதில்லை. வெள்ளை அடித்தளம் முதலில் பூசவேண்டும். முன்னாளில் இம்மையைக் குழம்பாக்க மண்ணெண்ணெய் கலப்பது வழக்கம். நெருக்கமான சந்துகளில் சூட்டடுப்பின் அருகே மண்ணெண்ணெய் ஆவி எத்தகைய அபாயம் என்பதை விளக்கவேண்டியதில்லை. செயற்கைக் குழம்பாக்கிகள் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில் அதைத் தொடர நியாயமே கிடையாது.

எண்ணிக்கையின் கணக்கு

திரை அச்சில் முதற் செலவு திரை தயாரிப்பதற்கு; பின்னர் ஒவ்வொரு சட்டைக்கும் ஆகும் செலவு குறைவு. கம்ப்யூட்டர் வழி அச்சு முறைகளிலோ தயாரிப்புச் செலவு அநேகமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரே செலவு. ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. நிறத்துக்கு 400 ரூபாய் வீதம் இரண்டு திரைக்கு 800 ரூபாய், சட்டைக்கு அச்சுக் கூலியும் மையும் 12 ரூபாய் என்றும், கம்ப்யூட்டர் முறையில் சட்டைக்கு 45 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 24 சட்டைக்குத் திரை அச்சில் 1,088 ரூபாயும் மற்றதில் 1,080 ரூபாயும் ஆகும். இருபத்தைந்தாவது சட்டையில் தராசு திரும்பிவிடுகிறது. 200 சட்டைக்கு 3,200 ரூபாய்க்கும் 9,000 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை. சித்திரத்தில் நான்கு நிறமிருந்து, திரைச் செலவு 1,600 ரூபாயும் அச்சுச் செலவு 20 ரூபாயும் ஆனால், தராசு 64 சட்டையில்தான் சமமாகும். பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் தம் சொந்தத் தொகைகளைப் போட்டு இக்கணக்கை ஒரு முறை எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நலம். வாய்க்கணக்கில் விலை சொல்லி, வேலை முடிந்தபின் கையைக் கடிப்பது இத்தொழிலில் சர்வசாதாரணம்.

பாலியெஸ்டரும் பதங்க அச்சும்

கிரிக்கெட், கால்பந்துக் குழுக்களின் சட்டை இன்று அநேகமாக முழுப் பாலியெஸ்டரே. அதற்கென்றே அமைந்தது 'சப்ளிமேஷன்' என்னும் பதங்க அச்சு. கற்பூரம் உருகித் திரவமாகாமல் நேரே ஆவியாவதை எல்லோரும் கண்டிருப்பர். சில 'டிஸ்பர்ஸ்' சாயங்களும் சூட்டில் அவ்வாறே ஆவியாகும். இதைத் துணி அச்சுக்குப் பயன்படுத்தும் உபாயம் 1957-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் நோயல் த பிளாஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. சாயத்தால் காகிதத்தில் சித்திரத்தை அச்சிட்டு, சட்டைமேல் கவிழ்த்து, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம்போல் அழுத்தினால், பாலியெஸ்டரின் மூலக்கூறுகள் சூட்டில் நெகிழ்ந்து இடங்கொடுக்க, சாய ஆவி இழைக்குள் புகுந்துவிடுகிறது. ஆறியதும் வாசல் அடைபடுகிறது. தடவிப் பார்த்தால் அச்சு இருப்பதே தெரியாது. உரிவதற்கும் வெடிப்பதற்கும் அங்கே படலமே இல்லை.

இம்முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. வெண்மை என்னும் சாயம் கிடையாதாகையால் வெள்ளை அல்லது வெளிர்நிறச் சட்டைக்கே இது பயன்படும். பருத்தியில் சாய ஆவி புகுவதற்கு இடமில்லை. அன்று அழகாகத் தோன்றுவது சில சலவைகளில் மங்கிப்போகும். பாதிப் பருத்தி கலந்த துணியிலும் நிறம் பாதியே நிற்கும்.

பதங்கமாகும் அதே இயல்பு வேறோரிடத்தில் பட்டறைக்காரரின் பகையாகிறது. சிவப்புப் பாலியெஸ்டர் சட்டையில் வெள்ளைப் பிளாஸ்டிசால் எண்ணை அச்சிட்டு 160 டிகிரியில் வேகவைத்தால், துணியிலுள்ள சிவப்புச் சாயமே கிளம்பி வெள்ளைக்குள் ஏறிவிடும். சிலவேளை உடனே தெரிவதில்லை. கட்டி வைத்த சில நாட்களில் வெள்ளை எண்கள் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். கோளாறு மையிலோ வேலையாளிடத்திலோ இருப்பதாக எண்ணிச் சண்டையிடுவோர் பலர். குறைந்த உஷ்ணத்தில் வேகும் மையை வாங்குவதும், வெள்ளைக்கு அடியில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல்நிறப் பூச்சு ஒன்று இடுவதும் இதற்குப் பரிகாரம்.

கம்ப்யூட்டர் வழி முறைகள்

காகிதத்தில் அச்சிடுவதுபோலச் சட்டைமீதே நேரே மைத்துளிகளைத் தெளிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. இதைத் தொழிலில் 'டி.டி.ஜி.' என்பர். பருத்திக்கு இது தகும். மை பரவாமல் மேலே நிற்கும்பொருட்டுச் சட்டையில் முன்கூட்டியே உப்புக் கரைசல் ஒன்றைத் தெளித்து உலர்த்தவேண்டும். வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்ஸைடு நீரைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கனமானதால் கீழே படிந்து, முடியினும் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடும். வேலை இல்லாத நாளிலும் இயந்திரத்தை ஓட்டியே தீரவேண்டியிருப்பதால், விழாவுக்கு விழா மட்டும் வேலை வரும் பட்டறைக்கு இது யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகும்.

2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரைந்து பரவிய 'டி.டி.எஃப்.' முறை வேறு. பிளாஸ்டிக் தாளில் சித்திரத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, அதன்மேல் வெள்ளையைப் பரப்பி, ஈரம் காயுமுன் சூட்டில் உருகும் பசைப்பொடியைத் தூவி, உருக்கி ஆறவைப்பர். பின் சட்டைமேல் வைத்துச் சுமார் 150 டிகிரியில் 10 முதல் 15 விநாடி அழுத்தி, தாளை உரித்துவிடலாம். பருத்தி, பாலியெஸ்டர், கலப்பு, கறுப்பு, வெள்ளை எதுவாயினும் பேதமில்லை. ஒரே ஒரு சட்டைக்கும் செய்யலாம். தாளை மட்டும் வேறொருவரிடம் அச்சிட்டு வாங்கி, சூட்டழுத்தியை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் செய்வோரும் உண்டு. இவ்வளவு வசதியுள்ளதால் இதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியன்று. இது துணிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலமே. உள்ளங்கை அளவிலான சின்னத்துக்கு மிக நேர்த்தியானது. முதுகு முழுவதையும் இதனால் மூடினால் வேர்வை வெளியேற வழியின்றிப் போகும்.

மழையும் ஈரமும்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அச்சுப் பட்டறைகளுக்கு வேலை மிகும் காலமும் அதிலேயே அடங்குகிறது. குர்லாவை ஒட்டி ஓடும் மீட்டி ஆறு 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் கரைபுரண்டதை அங்குள்ளோர் மறந்திலர். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. வெள்ளம் வாராத ஆண்டுகளிலும் ஈரக் காற்று தன் வேலையைச் செய்தே தீரும்.

160 கிராம் எடையுள்ள பருத்திச் சட்டையில் சாதாரணக் காற்றிலேயே ஏறத்தாழ 12 கிராம் நீர் அடங்கியிருக்கிறது. மழைநாளில் அது இன்னும் மிகும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 காலரி வெப்பம் வேண்டும். இந்நீர் முழுவதும் வெளியேறும்வரை துணியின் உஷ்ணநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறுவது கடினம். ஆகவே மே மாதத்தில் மூன்று நிமிடத்தில் வெந்த மை, ஆகஸ்டு மாதத்தில் அதே அடுப்பில் அதே மூன்று நிமிடத்தில் வேகாது. மழைக்காலத்தில் அடுப்பின் ஓட்டத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டவேண்டும் என்னும் இச்சிறு உண்மையை உணராமையாலேயே விழாக்காலச் சட்டைகள் பல உரிகின்றன. சூட்டழுத்தியில் ஒட்டும் முறைகளில், சித்திரத்தை வைக்குமுன் வெறுஞ்சட்டையை ஐந்தாறு விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்குவது அவசியம். இல்லையேல் வெளியேறும் நீராவி பசைக்கடியில் சிக்கிக் கொப்புளமாகும். திரையில் பூசும் பசையும் ஈரம் இருக்கையில் ஒளியால் சரிவர இறுகாது. அச்சிடும்போது ஊசித்துளைகள் விழும். மின்விசிறி மட்டும் ஈரக் காற்றையே சுழற்றுவதால், மூடிய சிறு பெட்டியில், பசைமேல் ஒளி படாதவாறு, மிதமான சூட்டில் உலர்த்துவது மலிவான நல்ல வழி. பசைப்பொடியையும் மூடி இறுகிய டப்பாவில் வைக்காவிட்டால் கட்டி தட்டும்.

கோவிந்தாக்களின் சட்டை

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு உறியடிக் குழுவின் ஆர்டரை ஆராயலாம். 200 பருத்திச் சட்டைகள், முன்புறம் சிறு சின்னம், முதுகில் குழுவின் பெயர் பெரிய எழுத்தில், இரண்டு நிறம். உதவித்தொகை அளித்த பிரமுகரின் புகைப்படமும் வேண்டும் என்பர். எண்ணிக்கையைப் பார்த்தால் திரை அச்சே தகும். ஆனால் இங்கே மூன்றாவது கேள்வியாகிய 'எங்கே உடுத்தப் போகிறீர்கள்' என்பதற்கு மற்றெல்லாவற்றையும்விட முக்கியத்துவம் உண்டு. விழா நாளில் ஏறுவோர்மீது மாடிகளிலிருந்து நீரை வாரி இறைப்பர், மழையும் பெய்யும். மேல் அடுக்கினர் வெறுங்காலுடன் கீழிருப்போரின் தோளிலும் மேல்முதுகிலும் மிதித்து நிற்பர். நனைந்த பருத்தித் துணியின் சொரசொரப்பு காலுக்குப் பிடிப்பைக் கொடுக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் படலம் நனைந்தால் அப்பிடிப்பைத் தராது. தவறி விழுந்து கைகால் முறிவோரும், உயிரிழப்போருமுள்ள விழா இது. ஆகவே தோளிலும் அதை அடுத்த மேல்முதுகிலும் பிளாஸ்டிசாலோ ஒட்டுப்படலமோ இடாதிருப்பதே விவேகம். பெயரை நீர் கலந்த நிறமி மையால், நடுமுதுகுக்குக் கீழே அச்சிடலாம். கருநிறச் சட்டையைத் தவிர்த்து மஞ்சள், வெள்ளை போன்ற வெளிர்நிறத்தைத் தேர்ந்தால் அடித்தளப் பூச்சும் தேவைப்படாது. புகைப்படத்தை மார்பில் சிறிதாக டி.டி.எஃப். முறையில் ஒட்டிவிடலாம். பிரமுகரின் முகம் முதுகு நிறைய இருக்கவேண்டுமென்று வற்புறுத்தும் குழுவுக்குக் காரணத்தை எடுத்துச் சொல்வது பட்டறைக்காரரின் கடமை. காரணம் தெரிந்தபின் ஏறப்போகிற இளைஞர்களே வேண்டாமென்பர்.

வேலையை ஒப்புக்கொள்ளுமுன் ஒரே ஒரு சட்டையில் அச்சிட்டு, ஐந்து முறை துவைத்துக் காயவைத்துப் பார்ப்பது போதுமான சோதனை. வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை உலர்ந்த நிலையிலும் நனைத்தும் அச்சின்மேல் பத்து முறை அழுத்தித் தேய்த்தால், நிறம் கழலுவது தெரியவரும். ஆராய்ச்சிச் சாலைகளில் இதே சோதனை இயந்திரத்தால் செய்யப்பட்டு, சாம்பல்நிற அளவுகோலுடன் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுகிறது. 5 என்பது சற்றும் கழலாத நிலை. பெரிய ஆர்டர் பெறும் பட்டறைகள் இதற்குத் தூரம் செல்லவேண்டியதில்லை. குர்லாவுக்கு அடுத்த காட்கோபரில் 1954-ஆம் ஆண்டு முதல் பம்பாய் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இயங்கிவருகிறது. தமிழர் பல தலைமுறைகளாக வாழும் மாட்டுங்காவில் 1924-ஆம் ஆண்டில் தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1933-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தோன்றி இன்று தனிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றுள்ள இரசாயனத் தொழில்நுட்ப நிலையமும் இருக்கின்றன. குர்லா ஸ்டேஷனிலிருந்து இவை ஒவ்வொன்றும் சில ஸ்டேஷன் தூரமே.

வேலையாளின் கையும் மூச்சும்

திரைப் பசையை ஒளியால் இறுகச் செய்ய இன்னும் சிலர் பைக்ரோமேட் உப்பைக் கலக்கின்றனர். ஆரஞ்சு நிறமுள்ள இவ்வுப்பு தோலில் ஆறாப் புண்ணை உண்டாக்குவது. நெடுநாள் மூச்சில் கலந்தால் புற்றுநோய்க்கும் ஏதுவாவது. 'டயஸோ' கலந்த பசை சற்றே விலை மிகுந்தாலும் இத்தீங்கு இல்லாதது. கலந்தபின் சில வாரங்கள் கெடாமலுமிருப்பதால் வீணாவதும் குறைவு. பிளாஸ்டிசாலை அளவுக்கு மீறிச் சூடேற்றினால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பும். கண்ணெரிச்சல் தொடங்கினால் அடுப்பின் சூட்டை அளந்து பார்க்கவேண்டும் என்று பொருள். இந்த மையிலுள்ள தாலேட் வகை இளக்கிகளைக் குழந்தைகளின் பொருள்களில் பயன்படுத்துவதைப் பல நாடுகள் கட்டுப்படுத்தியுள்ளன. பள்ளிச் சிறுவர் சட்டைக்கு மை வாங்குவோர் தாலேட் இல்லாததென்று உறுதி செய்துகொள்ளவேண்டும். பசைப்பொடியை உருக்கும் அடுப்பின் புகைக்கு ஜன்னல் வழியே வெளியேறும் குழாய் ஒன்று அமைத்தல் வேண்டும். அறையிலேயே உண்டு உறங்கும் வேலையாட்கள் இருக்குமிடத்தில் இது முதற் செலவாக இருக்கவேண்டியது.

திரை கழுவிய நீரை நேரே சாக்கடையில் விட்டால் அது மீட்டி ஆற்றுக்கே போய்ச் சேரும். மிஞ்சிய மையைக் கழுவுமுன் வழித்தெடுத்து டப்பாவில் சேர்த்தால் பாதி மாசு குறைந்துவிடும். எஞ்சிய கழுநீரைப் பெரிய பீப்பாயில் விட்டு, சிறிது படிகாரம் கலந்து கலக்கி, ஓர் இரவு அசையாமல் வைத்தால் நிறமியும் பிசினும் திரிந்து அடியில் படியும். மேலே தெளிந்த நீரைப் பழைய துணியில் வடிகட்டி மறுநாள் திரையின் முதற் கழுவலுக்கே பயன்படுத்தலாம். படிந்த சேற்றை உலர்த்தித் தனியே சேர்த்து வைக்கவேண்டும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் சந்துகளில் நாளொன்றுக்கு இரண்டு குடம் நீர் மிச்சமாவதும் அற்ப இலாபமன்று.